தூணுக்கு மிச்சம் என்று பெயரிடாதீர்

ஐந்தே நிமிடம் என்று சொல்லி ஒலிவாங்கியைக் கையில் தந்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே! என் மூன்று கடிதங்களுக்குப் பதில் எழுத நேரமின்றி, இன்று முன்வரிசையில் அமர மட்டும் நேரம் வாய்த்திருக்கும் நிதித்துறை அதிகாரி அவர்களே! நிலத்துக்கடியில் என்னோடு மூச்சைப் பங்கிட்ட மூத்தவர்களே! அவர்கள் மேலேறி வரும்வரை சோற்றுத் தட்டை மூடிவைத்துக் காத்திருந்த தாய்மார்களே! வணக்கம்.

நான் படித்தவனல்லன். செம்புச் சுரங்கத்தில் முப்பத்தோராண்டு பாறை துளைத்தவன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நிதிச் சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவன். அதில் ஒரு சொல் முள்ளாய்த் தைத்தது. செம்பு வருவாயில் அரசு ஆண்டுதோறும் ஒதுக்கிவைக்கும் பணத்துக்கு இதுவரை 'காப்பு நிதி' என்று பெயர். நாளை வாக்கெடுப்புக்கு வரும் திருத்தத்தில் அது 'மிச்ச நிதி'! காப்பு எப்போது மிச்சமானது? யார் தின்று மிச்சம் வைத்தது?

சிரிக்கிறீர்கள். நானும் ஒருநாள் சிரித்தவன்தான்.

சுரங்கத்தில் தாது முழுவதையும் வெட்டமாட்டோம். இடையிடையே தூண்களாக விட்டுவைப்போம். அதுவும் நல்ல செம்புதான். ஆனால் கூரையைத் தாங்குகிற செம்பு. எங்கள் மேஸ்திரி ஒருமுறை தூண் என்று எழுதவேண்டிய இடத்தில் 'மிச்சத் தாது' என்று எழுதிவிட்டார். புதிதாக வந்த மேலாளர் அதைப் படித்தார்.

"மிச்சம்னு எழுதியிருக்கே, அப்புறம் ஏன்யா சும்மா கிடக்கு? வெட்டுங்க!"

என்னோடு பாறை துளைத்த என் தம்பி சொன்னான்: "சார், அது சும்மா கிடக்கல. நின்னுக்கிட்டிருக்கு."

வெட்டினோம். முதல் தூணில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தூணிலும் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா, உன் தம்பி சரியான பயந்தாங்கொள்ளி" என்றார் மேலாளர். அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். மூன்றாம் தூணில் கூரை இறங்கியது. நான்கு நாள் கழித்துத்தான் என் தம்பியின் உடலை மேலே கொண்டுவந்தோம்.

"அதுக்கும் பட்ஜெட்டுக்கும் என்ன பெரியவரே சம்பந்தம்?" என்கிறது ஒரு குரல். யாரப்பா அது? ஓ, நீயா! செம்பு விலை பாதியாய் விழுந்த ஆண்டு மறந்துபோயிற்றா? சுரங்கம் மூடியது, வருவாய் வற்றியது. அரசு மருத்துவமனையில் விளக்கு அணைந்ததா? செவிலியர் சம்பளம் நின்றதா? உன் அம்மாவுக்கு வாரம் இருமுறை இரத்தம் சுத்திகரித்தார்களே, அது எந்தப் பணம்? சும்மா கிடந்த பணமா? நின்றுகொண்டிருந்த பணமப்பா!

அதை எடுத்து விளையாட்டரங்கம் கட்டப்போகிறார்களாம். விலை ஏறியிருக்கிறதாம்; பிறகு நிரப்பிக்கொள்ளலாமாம். அதிகாரி ஐயா, கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆண்டு வரவில் கட்டுங்கள்! விலை விழுந்தால் மட்டுமே எடுக்கலாம், ஏறினால் போட்டே ஆகவேண்டும் என்ற பழைய விதியில் கைவைக்காதீர்கள். முதல் ஆண்டு ஒன்றும் ஆகாது. இரண்டாம் ஆண்டும் ஒன்றும் ஆகாது. அதுதான் எனக்குப் பயம்!

தலைவர் மணி அடிக்கிறார். அடியுங்கள் ஐயா, அபாயமணிக்கே பழகிய காது இது. மேசையில் ஒரு மனு இருக்கிறது. ஒரே வரி: 'மிச்சம்' என்பதை அடித்துவிட்டுக் 'காப்பு' என்று எழுதுக. கடைசிக் கையெழுத்து விழும்வரை இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது இடம் வெறுமையாக இருக்கும். மிச்சமென்று நினைத்து அதில் எழுதிவிடாதீர்கள். அங்கே என் தம்பி நிற்கிறான்.

மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்காமல் கேட்டவருக்கு இருமடங்கு நன்றி. வணக்கம்.