தலைமுழுகியாச்சு என்றுதான் சொன்னேன்

மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போனால் வாயைத் திறந்து பல்லை நானே காட்டிவிடுவேன். வாங்குகிறவன் கேட்கட்டும் என்று காத்திருப்பதில்லை. வயது போன மாடென்றால் போனது என்று சொல்லிவிடுவேன். மருங்காபுரிப் பக்கம் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் தம்பி. பொய் எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை.

என் மகன் இளவரசனுக்கு ரத்தம் ஊறுவது நின்றுபோனது. முதலில் சோகை என்றார்கள். பிறகு அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. வருடக்கணக்கில் அப்படியே ஓடிற்று. கடைசியில் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் பீமராவ் என்னை உட்காரவைத்து விளக்கினார். எலும்புக்குள் ஸ்டெம் செல் என்று ஒன்று இருக்கிறதாம். ரத்தத்துக்கு அதுதான் ஊற்றுக்கண். இவனுக்கு அது தூர்ந்துவிட்டது. பொருந்துகிற ஒருவரிடமிருந்து எடுத்து இவன் உடம்பில் ஏற்றினால் மறுபடி ஊறும். என் இதயமும் என் மனைவி மாரியாயியின் சர்க்கரையும் அதற்கு உதவாது என்று சொல்லிவிட்டார். கூடப்பிறந்தவர்கள்தான் நல்லது, பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு என்றார். நாலில் ஒரு வருடம் மழை பெய்தாலே அதை நம்பி விதைக்கிறவர்கள் நாங்கள்.

“அப்புறம் இவன் உடம்புல ஓடுறது யார் ரத்தங்க?” என்று கேட்டேன்.

“குடுத்தவங்களோடதுதான். குரூப்கூட மாறிடும்” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

“இவருக்குக் கூடப்பொறந்தவங்க இருக்காங்களா ஐயா?”

“ஒரு பொண்ணு. தலைமுழுகியாச்சுங்க.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “ஸாரி ஐயா. காவிரியிலயா?”

“ஆமாங்க. அம்மா மண்டபத்துல.”

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் மகள் யமுனா அந்த ஆசீரைக் கட்டிக்கொண்டு போனபோது, அம்மா மண்டபம் படித்துறையில் ஊரார் பார்க்க மூன்று முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு பஸ் ஏறியவன் நான். ஆசீரின் தகப்பன் எங்கள் கிணற்றில் தூர் வாரியவர். கூலியை அவர் கையில் கொடுக்கமாட்டோம். தரையில் வைப்போம், எடுத்துக்கொள்வார். அந்த வீட்டுக்கு அவள் மருமகளாகப் போனாள். இழவுக்குப் போடுகிற முழுக்கை உயிரோடிருக்கிறவளுக்குப் போட்டேன்.

டாக்டர் பெங்களூரில் வளர்ந்தவர். பெண் ஆற்றில் மூழ்கிச் செத்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஒருவர் தமிழைத் திருத்துவது வாத்தியார் வேலை. என் வேலை இல்லை.

வெளியாள் யாராவது பொருந்துகிறார்களா என்று தேடுவதாகச் சொன்னார். எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். முகம் தெரியாதவன் ரத்தம் முகம் தெரியாததுதான்.

இளவரசனைத் தனி அறையில் வைத்தார்கள். கிருமி ஒட்டும் என்று அவன் போனை நர்ஸ் என்னிடம் கொடுத்துவிட்டார். அதில் ‘உரக்கடை’ என்ற பெயரில் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. யூரியா வந்துவிட்டதாக்கும் என்று எடுத்தேன்.

“எளவரசா, சாப்பிட்டியாடா? ஸ்ரீரங்கத்துல பஸ் ஏறிட்டேன். அம்மா குடுத்த முறுக்கு இன்னும் கெடக்கு, எடுத்துட்டு வரவா?”

யமுனாவின் குரல். போனை வைத்துவிட்டேன்.

எனக்குக் கொள்ளி போட வேண்டிய பிள்ளை, உரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். என் மனைவி என் வீட்டு அரிசியில் முறுக்குச் சுட்டு ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பியிருக்கிறாள். ஊரில் யாருக்கெல்லாம் தெரியுமோ. எதிரி செய்தால் அதற்குத் துரோகம் என்று பெயர் இல்லை, தம்பி. கூட உட்கார்ந்து உண்கிறவர்கள் செய்தால்தான் அந்தப் பெயர்.

அவள் வந்து சேர்ந்தபோது நான் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தேன். காவலாளி அம்மாசியிடம், “அந்தப் பொண்ணு எங்க வீட்டு ஆள் இல்லப்பா, உள்ள விட்டுடாத” என்று சொல்லி வைத்திருந்தேன். அதுவும் உண்மைதான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

“அப்பா, நான் ஒட்டிக்க வரலப்பா. டெஸ்ட்டு குடுத்துட்டுப் போயிடறேன். டாக்டர் என்னைக் கேக்கலையா?”

தலைமுழுகியவளோடு பேசுவதில்லை. அம்மாசியைப் பார்த்து, “டாக்டர் கேக்கலைன்னு சொல்லுப்பா” என்றேன்.

“கைக்கெட்டுற தூரத்துல நிக்கிறேன், இதுக்கு நடுவுல ஒரு தூது வேறயா” என்றாள். சின்ன வயதிலேயே வாய் அதிகம்.

டாக்டர் கேட்கவில்லைதானே. செத்தவளை யார் கேட்பார்கள்? மறுபடி மறுபடி வந்து நின்றாள். அம்மாசி கண்டிப்பான ஆள். மாரியாயி ஊரில் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கேட்டதும் நான் சொன்னதும் அவளுக்குத் தெரியாது.

வெளியாள் யாரும் அமையவில்லை. இளவரசனுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. வாய்க்கவசம் கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

“அக்கா வந்துச்சாப்பா?”

“எது, உரக்கடையா?” என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். “தப்புதாம்ப்பா. அது வரலையா? குடுக்க மாட்டேன்னுடுச்சா?” என்றான்.

“யாரும் வரலப்பா” என்றேன். எனக்குப் பெண்ணே இல்லாதபோது யார் வந்ததாகச் சொல்வது?

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்கூட நர்ஸிடம்தான் கேட்டான்.

அவன் உடலை வண்டியில் ஏற்றும்போது யமுனா அம்மாசியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். டாக்டரிடம் தான் யாரென்று அவளே சொன்னாள். அவர் என்னிடம் வந்தார்.

“உங்க பொண்ணு இறந்துட்டாங்கன்னு சொன்னீங்களே ஐயா?”

“தலைமுழுகியாச்சுன்னுதான் சொன்னேங்க.”

அவர் நர்ஸைப் பார்த்து அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார். நர்ஸ் தரையைப் பார்த்தபடி சொன்னார். டாக்டர் என்னைத் திட்டாமல் உள்ளே போனார். நல்ல மனிதர்.

இப்போது தன் தம்பியை நான் கொன்றுவிட்டதாக அவள் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள். வாய்ப்பு நாலில் ஒன்றுதான். சோதித்துப் பார்த்துப் பொருந்தாமலே போயிருக்கலாம். மாரியாயியிடமும் இதைத்தான் சொன்னேன்.

“பொருந்தாதுன்னு நெனச்சிருந்தா அவளை உள்ள விட்டிருப்பீங்களே. அவ ரத்தம் இவன் உடம்புல ஓடிடுமேன்னுதான தடுத்தீங்க” என்றாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அவள் கெட்டிக்காரி. எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. அந்த இரண்டும் சின்னதில் ஒன்றாகவே காய்ச்சலில் படுக்கும், ஒன்றாகவே எழுந்து சோறு கேட்கும். பொருந்தும் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் பெற்றவனுக்குத் தெரியாதா?