மயில் செய்த கீறல்

“மயிலு பண்ண தப்புக்கு கஸ்தூரி வேல பூட்ச்சி” என்றாள் முன் இருக்கைக்காரி. ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து புறப்பட்ட கம்பெனி பஸ் அது. அவள் பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சு. பக்கத்தில் இருந்த சின்னப் பெண் தெற்கிலிருந்து வந்தவள்.

“மயில் என்னக்கா பண்ணுச்சு?”

“யார்டுல புது கருப்பு காருங்க நிக்குதுல்ல? கதவுல அதோட உருவமே தெரியும். வேற ஆம்பள மயிலு வந்துகீதுன்னு நென்ச்சிகினு கொத்திக் கொத்திக் கீறி வெச்சிச்சு. விடிகாலையில வந்துட்டுப் பூடும், சூப்பர்வைசர் கண்ணுல படாது. காரு தொடைக்கிற துணியில மண்ணு இருந்துதான் கீறல் வுழுதுன்னு கஸ்தூரியப் புடிச்சித் திட்டுனாரு. மயிலுதான் சார்னு சொன்னா, சிரிச்சாரு. அவ பயந்துகினு இன்னும் பளபளன்னு தொடச்சா.”

“அய்யோ, உருவம் இன்னும் நல்லாத்தானே தெரிஞ்சிருக்கும்!”

“அதான். ஆடி மாசத்தோட அவள அனுப்சிட்டாங்க. அவ எடத்துக்குதான் நீ வந்த.”



“நான் வந்த பெறகு ஒரு கீறல்கூட இல்லன்னு சார் எல்லாரையும் கைதட்டச் சொன்னாரேக்கா.”

“ஆவணியில மயிலுக்குத் தோகை உதிர்ந்துடும்மா. அப்பறம் அது சண்டைக்குப் போவாது. எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் திரும்பிக்கூடப் பாக்காது.”

இருங்காட்டுக்கோட்டையில் பஸ் நின்றது. சின்னவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படிவரை போனவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

“தோகை மறுபடி எப்பக்கா மொளைக்கும்?”