குமிழிக்குப் பிறகு

இத்தாலியில் தங்குவதற்கான அனுமதிச் சீட்டான பெர்மெசோவைப் புதுப்பிக்கும் வரிசையில், எண் சீட்டு எடுக்காத இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் நின்றார்கள்.

“கடலுக்குள்ளை அணுகுண்டு வெடிச்சால் முதல்லை பெரிய குமிழி வருமாம், அக்கா,” என்றாள் இளையவள்.

“உனக்கென்ன விசரே?”

“நான் பராமரிக்கிற ஐயா பௌதிகப் பேராசிரியர். ஞாபகம் போய்க்கொண்டிருக்குது. எண்டாலும் ஒவ்வொரு நாளும் இந்தப் பாடம் எடுப்பார். நேற்று குமிழியோடை நிண்டுபோனார்.”

“பிறகு?”

“மிச்சத்தை நான் சொன்னன். தண்ணி மலைமாதிரி எழும்பி விழும், அதிலை கிளம்புற நீர்த்திவலைப் புகார் பட்ட கப்பலைத் தேய்ச்சுக் கழுவினாலும் கதிர்வீச்சுப் போகாது எண்டு.”

“என்னவாம்?”

“‘உனக்குப் படிப்பிச்சவர் கெட்டிக்காரர். இன்னும் உயிரோடை இருக்கிறாரோ?’ எண்டு கேட்டார்.”

“நீ என்ன சொன்னனீ?”

“ஓம் எண்டன்.”