சாதுவான கிருமி

குழந்தைக்கு வயிறு உப்பினால் எங்கள் சொட்டுமருந்துக்கு நிகர் கிடையாது. நானே சொன்னால் தற்பெருமையாகத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

அதில் இருப்பது உயிருள்ள கிருமி. பரம சாது. அதைத் தொட்டியில் வளர்ப்பதுதான் என் வேலை. வேறு கிருமி புகுந்துவிட்டால் தொட்டி மொத்தமும் சாக்கடைக்குப் போகும். முதலாளி வள்ளென்று விழுவார். அதனால் யாரிடமும் சொல்லாமல் கொஞ்சம் ஆன்டிபயாட்டிக் கலந்தேன். மற்றதெல்லாம் செத்தது; மருந்தைத் தாங்கப் பழகிய என் கிருமி மட்டும் கொழுத்தது. பிறகு மருந்தைச் சுத்தமாக வடித்துவிடுவேன்.

பரிசோதனைக்கூடத்துப் பெண் ஒருநாள் முகம் வெளிறி வந்தாள்.

"மேடம், மருந்தைத் தாங்குற மரபணு இடம் தாவுற துண்டுல உக்காந்திருக்கு. பக்கத்துல எந்தக் கிருமி வந்தாலும் அதுக்கும் கொடுத்துடும்."

"நம்ம கிருமி யாருக்காவது நோய் குடுக்குமா?"

"குடுக்காது. ஆனா..."

"அப்புறம் என்னம்மா? போய் வேலையைப் பாரு."

விற்பனைக்கு அனுப்பலாம் என்று நான் கையெழுத்துப் போட்டேன். புட்டிகள் கடைக்குப் போயின. இப்போது உங்களிடம் சொன்னதும் அவளாகத்தான் இருக்கும். நல்ல பெண்.

என் தங்கைக்குக் குறைமாதத்தில் இரட்டைப் பெண் குழந்தைகள். சொட்டுமருந்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சில வாரங்களில் மூத்தவளுக்குக் காய்ச்சல் கண்டது. இரத்தத்தில் ஒரு பொல்லாத கிருமி. வழக்கமாக ஊசி போட்டதும் அடங்கிவிடுமாம், இது அடங்கவில்லை. டாக்டர் அந்த ஊசிமருந்தின் பெயரைச் சொன்னார். நான் தொட்டியில் ஊற்றும் அதே மருந்து. அவள் வயிற்றுக்குள் என் சாது அந்தத் துண்டைப் பொல்லாததற்குக் கொடுத்துவிட்டிருந்தது.

"அக்கா, கிருமி பத்திதானே படிச்சே, ஏதாவது பண்ணுக்கா," என்று தங்கை என் கையைப் பிடித்து உலுக்கினாள்.  கொடுத்ததை யாரால் திரும்ப வாங்க முடியும்? கண்ணாடிக் கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் உயிரை விட்டாள்.

தெரிந்தேதான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் என் கிருமி யாரையும் கொன்றதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தங்கைக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. சொட்டுமருந்தை நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். அதனால்தான் இன்று காலைகூட, இங்கே வருவதற்கு முன்பு, சின்னவளுக்கு நானே ஊட்டிவிட்டு வந்தேன்.