மேனேஜரின் முதுகு

பிலிமத்தலாவையில் கண்டி பஸ்ஸில் ஏறிய இருவர் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயது தாண்டியிருக்கும். ஒருவர் மடியில் எண்ணெய் மணக்கும் பை.

"நேற்று எங்கட பழைய மேனேஜரைக் குப்புறப் படுக்க வைச்சனான்," என்றார் பைக்காரர்.

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"ஐயோ, ஏன்ணே?"

"மசாஜுக்குத்தான். கோர்ஸ் முடிச்ச பிறகு பின்னேரங்களில வீடு வீடாப் போறனெல்லே. முதல் ஆளே அவர்தான்."

"இனி யாரையும் 'சேர்'னு கூப்பிட மாட்டேன்னுதானே ஆபீஸ விட்டீங்க?"

"ஓம். ஆனா முதுகு முடியமுன்னமே மனுசன் நித்திரையாப் போட்டார். காலும் தோளும் அப்பிடியே கிடக்கு."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"ஆபீஸில பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை ஒருத்தரும் எழுப்பினதில்லை. எண்ணெய்க் கையைக் கட்டிக்கொண்டு கட்டிலடியில நிண்டன்."

"அப்புறம்?"

"முழிச்சு என்னைப் பார்த்தார். 'என்ன, லீவு வேணுமோ?' எண்டு கேட்டார்."

"மசாஜ் பண்ண வந்தேன்னு சொன்னீங்களா?"

பைக்காரர் மடியில் இருந்த பையை நிமிர்த்தி வைத்தார்.

"அரை நாள் போதும் சேர் எண்டன்."