வேன் மேல் மெஷின் கன்

அறுபத்தைந்தில் எல்லையில் சண்டை நடந்தபோது, சிதம்பரத்தில் நான் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்த பிக்கப் வேனைப் பட்டாளம் எடுத்துக்கொள்ளும் என்று சத்தியமாக நம்பினேன். எனக்குச் சோறு போட்டது அந்த ஒரு வண்டிதான். நம்பவைத்தவர்கள், கடலூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த இரண்டு மீன் வியாபாரிகள்.

"மாமா, வேனுங்கள எடுத்துகினு போயி, சுத்தி இரும்புத் தகடு அடிச்சு, பின்னால மெஷின் கன் வெச்சிடறாங்களாம்."

"நம்ம வேன்லயா? நாலு கூடை மத்தி ஏத்துனாலே அதுக்கு மூச்சு வாங்குது. சுட்டா பின்னால நவுந்துடுமே, மச்சான்."

"நல்லதுதான். எல்லையில நின்னு நாலு தடவ சுட்டா, நம்ம ஊரு தேவனாம்பட்டினத்துக்கே வந்து சேந்துடும்."

"சிரிக்காத. வண்டி போச்சுன்னா கூடைய உன் தலையிலதான் ஏத்துவேன்."

"ஓடாத வண்டிய எடுக்க மாட்டாங்க மாமா. சக்கரத்தக் கழட்டிப் போட்டுடு."

சிதம்பரத்தில் இறங்கியதும், வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் ஓடிப்போய் நான்கு சக்கரங்களையும் கழற்றி வைக்கோல்போரில் ஒளித்தேன். வேன் செங்கல் மேல் நின்றது.

மூன்றாம் நாள் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார், கையில் கறுப்பு பெயிண்ட் டப்பாவோடு. விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாது என்று முன்விளக்குகளின் மேல்பாதியில் பூசிவிட்டு, "ராத்திரியில மெதுவா ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.