வெட்டப்பட்ட கடைசி வரி

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த திருநெல்வேலிப் பெண் சொன்னாள்: "அக்கா, என் ஜோக்குல கடைசி வரியை வெட்டிட்டாவ."

பக்கத்திலிருந்த உள்ளூர்க்காரப் பெண், அந்த ஜோக் வந்திருந்த வார இதழை வாங்கி உரக்கப் படித்தாள். "'ஏம்மா லேட்டு?' 'கனவுல ஓ.டி. பார்த்துக்கிட்டிருந்தேன் சார், பாதியில விட்டுட்டு வர முடியல.'" படித்துவிட்டுச் சிரித்தாள். "நல்லாத்தானே கீது! வெட்டுனது இன்னா?"

"'இதைக் கேட்டு சூப்பர்வைசரும் சிரித்துவிட்டார்'னு எழுதியிருந்தேன். அன்னைக்கு நெசமாவே சிரிச்சாவ."

"அவரே சிரிச்சிட்டா அப்பால நான் இன்னாத்துக்குடி சிரிக்கணும்?"

"இப்பம் படிச்சா நான் அவியளக் கேலி பண்ணுன மாதிரில்லா இருக்கு. நாளைக்கு எப்படி அவிய மொகத்துல முழிப்பேன்?"

முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். இருவரும் சட்டென்று வாய் மூடியதிலேயே அவர் யாரென்று எனக்குத் தெரிந்தது. இதழைக் கேட்டு வாங்கிப் படித்தார். குலுங்கிச் சிரித்தார்.

"அன்னிக்கு எனக்கு இவ்ளோ சிரிப்பு வரலியேம்மா. இதுல இன்னா பண்ணே?"

அவள் இதழைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணல, சார். பத்திரிகைக்காரவதான் உங்களை எடுத்துட்டாவ."